சான்றுக்கு முந்திய சாட்சியம்: ‘சோளகர் தொட்டி’ புதினத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004ஆம் ஆண்டு வெளிவந்த புதினமாகும். சத்தியமங்கலம் மலைப்பகுதியில் வாழும் சோளகர் என்னும் பழங்குடியினர் வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது அடைந்த துயரங்களை அது எடுத்துரைக்கிறது. தமிழ்த்துறைகளில் இப்புதினத்தை இனவரைவியல் நோக்கில் அணுகும் வாசிப்பே பெரிதும் நிலைபெற்றுள்ளது. சோளகரின் தெய்வங்கள், சடங்குகள், உணவு, வழக்காறுகள் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் அவ்வாசிப்பு பயனுடையதே. எனினும் அது புதினத்தின் முற்பகுதியோடு நின்றுவிடுகிறது. பிற்பகுதி ஒரு சாட்சியமாகும். அச்சாட்சியத்தை ஏற்கும் இடம் அரசமைப்பில் எங்குள்ளது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையம். இவ்வினா மலைப்பகுதிக்கு மட்டும் உரியதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் பகுதியில் வாழும் இருளர் குடும்பங்களுக்கும் உரியதென்பதை இறுதிப்பகுதி விளக்கும்.

புதினத்தில் காலமும் நினைவும்

புதினத்தின் முற்பகுதியில் காலம் மழையாலும் ராகி விளைச்சலாலும் சடங்குகளாலும் அளக்கப்படுகிறது. பிற்பகுதியில் சிவண்ணாவின் குடும்பம் அதிரடிப்படையின் பிடியில் சிக்குகிறது. மாதியும் அவள் மகளும் முகாமில் அடையும் வதை, அவர்களது உடலும் நினைவும் தாங்கிய அளவிலேயே சொல்லப்படுகிறது. எந்நாள், எத்தனை மணி, யார் பெயர் என்னும் சட்டத்தின் வினாக்களுக்கு மாதியிடம் ஆவணம் இல்லை. வழக்கறிஞரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ஆசிரியர், ஆவணம் இல்லாத இந்நினைவையே கதையின் ஆதாரமாகக் கொள்கிறார். மாதி சொல்வது உண்மையா என்னும் ஐயத்திற்குப் புதினம் இடந்தரவில்லை. சட்டமோ அந்த ஐயத்திலிருந்தே தொடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் புதினத்தைச் சடங்குகளின் தொகுப்பாக வாசிப்பது, பாதிக்கப்பட்டவளின் சொல்லை மீண்டும் ஒருமுறை கேளாது விடுவதாகும்.

விசாரணைக் குழுவும் பட்டியலும்

தேடுதல் வேட்டையின்போது நிகழ்ந்த அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999ஆம் ஆண்டு நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007ஆம் ஆண்டு 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. இதன் மதிப்பைக் குறைத்தல் கூடாது. எனினும் எப்பட்டியலும் விசாரணையின் முன்வந்து சொல்ல இயன்றோரின் பட்டியலே. வராதவர், வந்தும் சொல்லவொண்ணாதவர் ஆகியோரின் இடத்தைப் பட்டியல் காட்டாது, புதினம் காட்டுகிறது. இலக்கியச் சாட்சியம் சட்டச் சாட்சியத்திற்கு மாற்றாகாது. ஆனால் சட்டம் எவரைத் தவறவிட்டது என்பதை அது அறிவிக்கிறது.

வாச்சாத்தி: சொல் ஆவணமான வழி

எழுதப்படாத சொல் நீதிமன்றத்தில் நிலைபெற்றதற்கு வாச்சாத்தி வழக்கே சிறந்த சான்று. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்திலுள்ள அம்மலையடிவாரச் சிற்றூருக்குள் வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினர் சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். பாதிக்கப்பட்ட பெண்களே கடத்தல் வழக்கில் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். புகார் கேட்கவேண்டிய துறைகளே குற்றஞ்சாட்டப்பட்ட நிலையில் அவர்கள் எங்கே முறையிடுவது?

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் செய்தியை வெளிக்கொணர்ந்தது, ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி ஊருக்கே சென்று மக்களிடம் கேட்டறிந்து அறிக்கை அளித்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், 269 பேரில் வழக்கின்போதே இறந்துவிட்ட 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் ஊரை நேரில் பார்வையிட்ட நீதிபதி பி. வேல்முருகன், 2023 செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதிசெய்து பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார்.

அதிகாரியும் நீதிபதியும் ஊரை நோக்கிச் சென்றமை இவ்வழக்கில் கருதத்தக்கது. கேட்பவர் சென்றடைந்தபோது சொல் ஆவணமாயிற்று. அதற்கு ஆன காலமோ 31 ஆண்டுகள்.

வாலாஜாபாத்: சான்றிதழின் வாயில்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்தது வாலாஜாபாத். இம்மாவட்டத்து இருளர் பலர் மரம் வெட்டும் இடங்களிலும் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் பெற்று உழைப்போர். 2019 ஜூலையில் காஞ்சிபுரம் பகுதியிலும் அதனை அடுத்த அன்றைய வேலூர் மாவட்டப் பகுதியிலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்களை வருவாய்த்துறையினர் மீட்டனர்.

இத்தகைய இடத்தில் வன்முறைக்கு ஆளாகும் ஒரு பெண் கடக்கவேண்டிய வாயில்கள் பல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பயனைப் பெறத் தான் பழங்குடியினள் என்பதை அவள் மெய்ப்பிக்க வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரே வழங்குவார். கொத்தடிமை நிலையினின்று மீண்டதற்கு விடுதலைச் சான்று வேண்டும். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் பெண்களுக்கு 2 இலட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை வகுத்தபோதிலும், உடனடி உதவி நீங்கலான அம்முழுத்தொகையைக் குற்றத்தீர்ப்போடு பிணைத்தது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளோ நிவாரணத்தை வழக்கின் படிநிலைகள்தோறும் பகுத்து வழங்குகின்றன. இரண்டையும் ஒப்பிடுமிடத்துப் பின்னதே பாதிக்கப்பட்டோரின் காலத்தை அறிந்த முறையெனலாம்.

மருத்துவம், காவல், சட்ட உதவி, தங்குமிடம் ஆகியவற்றை ஓரிடத்தில் அளிக்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 181 என்னும் உதவி எண்ணும் உண்டு. ஆனால் முன்பணக் கடனால் வேலையிடத்தை விட்டு நீங்க இயலாதவளுக்கு மாவட்டத் தலைநகரும் தொலைவே. நடமாட்டமும் அலைபேசியும் முதலாளியின் கண்காணிப்பில் இருக்குமாயின் உதவி எண்ணும் எட்டாது.

முடிவுரை

நீதியை அணுகுதல் என்பதைப் பாதிக்கப்பட்டோர் அலுவலகத்தை அடைதல் எனக் கொள்வதே இதுவரையான நடைமுறை. வாச்சாத்தி வழக்கு அதனைத் திருப்பிக் காட்டுகிறது. விசாரிப்போர் குடியிருப்புக்குச் செல்லுதல், சாதிச் சான்றிதழைப் புகார் எழும் முன்னரே குடியிருப்பிலேயே வழங்குதல், மறுவாழ்வைத் தீர்ப்பினின்று பிரித்தல் ஆகிய மூன்றும் இதிலிருந்து பெறப்படும் முடிவுகள். மாதியின் சொல்லைச் சான்றிதழ் கேளாமல் ஏற்றுக்கொண்டது புதினம். அப்புதினத்தை ஆராயும் நாம் அவள் குலத்தின் சடங்குகளை மட்டும் பதிவுசெய்து, அவள் முறையீட்டை விட்டுவிடுதல் ஆய்வறமாகாது.