காலி அறையும் உயிரணுவும்

அக்கா மகள் படிவம் ஒன்றில் படிக்கிறாள். அறிவியல் பாடம் மலாயில். போன மாதம் ஒரு சாயங்காலம் பாடநூலைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, செல்லுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். 'உயிரணு' என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அதோடு நிற்காமல், 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து உயிரணுவைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லிவைத்தேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "தக்கைன்னா காய்ஞ்சுபோன மரப்பட்டைதானே? செத்துப்போனதுல எப்படி மாமா உயிரணு?"

எனக்குப் பதில் வரவில்லை. பிரச்சினை அறிவியலில் இல்லை, என் வாக்கியத்தில் இருந்தது. 'ஹூக் செல்லைக் கண்டுபிடித்தார்' என்று சொன்னால் ஓரளவு நிற்கும். 'உயிரணுவைக் கண்டுபிடித்தார்' என்று சொன்ன உடனே அது பொய்யாகிவிடுகிறது.

செல் என்ற சொல்லின் லத்தீன் வேர் சிறிய அறையைக் குறிப்பது. துறவி தங்கும் அறை, தேனடையின் கண் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. பாத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். இவை இரண்டும் சுவரைப் பற்றிப் பேசுகின்றன. 'உயிரணு' சுவரையே கண்டுகொள்வதில்லை. உயிரின் மிகச் சிறிய துணுக்கு இதுதான் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது. ஒரே பொருளுக்கு வந்த சொற்கள், ஆனால் இரண்டு வேறு கருத்துகள். உயிரணு பற்றிய முந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை இந்த இரண்டு கருத்துகளின் சண்டையாக வாசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹூக்கின் 'மைக்ரோகிராஃபியா'வை எடுத்து வாசித்தேன். லண்டனில் நாட்குறிப்பு எழுதிவந்த சாமுவேல் பீப்ஸ் இரவு 2 மணிவரை தூங்காமல் வாசித்த நூல் அது. தக்கை வருவது 18ஆம் அவதானிப்பில். ஹூக் அங்கே உயிரைத் தேடவே இல்லை. தக்கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, ஏன் மிதக்கிறது, அமுக்கினால் ஏன் திரும்ப எழும்புகிறது என்பதுதான் அவர் கேள்வி. பேனாக்கத்தியை நன்றாகத் தீட்டி மெல்லிசாகச் சீவுகிறார். தேனடை மாதிரி காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள் தெரிகின்றன. எண்ணுகிறார். ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கு மேல் என்று கணக்கு வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து அவரே மலைத்துப்போகிறார்.

பச்சைச் செடிகளிலும் அதே அறைகளைப் பார்த்தார். அவற்றில் சாறு இருந்தது. அதையும் குறித்துவைத்துவிட்டு அடுத்த அவதானிப்புக்குப் போய்விட்டார். குடித்தனம் நடக்கும் வீட்டைத் தாண்டிப்போய், ஆள் காலிசெய்த வீட்டின் சுவரை அளந்தவர் என்று அவரைச் சொல்லலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அவருக்குச் சரியான பதில் கிடைத்தது. நாம்தான் அவர் கேட்காத கேள்விக்கான பதிலை அவர் பெயரில் எழுதிவைத்திருக்கிறோம்.

உள்ளே அசைவதைப் பார்த்தவர் வேறொருவர். டெல்ஃப்ட் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த லேவன்ஹூக். லத்தீன் தெரியாது, டச்சு மட்டும்தான். 1673 முதல் 1723இல் சாகும்வரை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சுமத்ராவிலிருந்தும் மலபாரிலிருந்தும் டச்சுக் கப்பல்கள் மிளகை அள்ளிப்போன காலம். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. தண்ணீருக்குள் உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1676இல் அதைக் கடிதமாக எழுதினார். லண்டனில் நம்பத் தயங்கினார்கள். பாதிரியார் உட்பட உள்ளூர்ப் பெரியவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பவேண்டி வந்தது. 1677இல் தானும் பார்த்து, உண்மைதான் என்று உறுதிசெய்தவர் அதே ஹூக். அந்த ஆண்டில்தான் லேவன்ஹூக் விந்தணுவையும் கண்டார். நம் நாளிதழ்களின் வைத்திய விளம்பரங்களில் 'உயிரணு' என்றால் இன்றும் அதுதான் பொருள்!

எழுத்தாக மட்டும் பார்த்தால் எனக்கு லேவன்ஹூக் ஒரு படி மேல். ஹூக் எழுதுவது சபைக்கு முன்னால் நின்று பேசுவதுபோல. லேவன்ஹூக் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல எழுதுகிறார். அவர் வைத்த பெயரும் 'குட்டி விலங்குகள்' என்பதுதான். கண்டதற்கு மேல் அந்தப் பெயர் பெரிதாக எதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த இரண்டு காட்சிகளும் ஒன்று சேர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1838இல் ஷ்லைடன் தாவரங்களைப் பற்றியும், 1839இல் ஷ்வான் விலங்குகளைப் பற்றியும், எல்லாமே உயிரணுக்களால் ஆனவை என்று எழுதினார்கள். பாடநூல்கள் இவர்களைக் கொண்டாடும். ஆனால் புது உயிரணு எப்படி உருவாகிறது என்பதில் இருவருமே தவறினார்கள். உப்பு படிகமாவதுபோல ஒருவகைத் திரவத்திலிருந்து அது திரண்டு வருகிறது என்று ஷ்வான் நம்பினார். ஒன்று இரண்டாகப் பிரிந்தே புதியது வருகிறது என்பதைக் கோழிக்கருவிலும் பிற கருக்களிலும் பார்த்து, 1852இல் தெளிவாக வாதிட்டவர் ராபர்ட் ரீமாக். பிரஷ்யாவில் வாழ்ந்த யூதர். மதம் மாற மறுத்தார், முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1855இல் ருடால்ஃப் ஃபிர்ஹோ அதே கருத்தை, ஒவ்வோர் உயிரணுவும் இன்னோர் உயிரணுவிலிருந்தே என்று லத்தீனில் ஒரு சுருக்கமான வாக்கியமாக்கினார். ரீமாக்கின் பங்கை உரியபடி சொல்லவில்லை. வாக்கியம் நிலைத்தது, ரீமாக்கின் பெயர் பின்னுக்குப் போனது. இலக்கியத்திலும் இது நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா என்ன?

அந்த வாக்கியம் ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறந்தது. எல்லாமே முந்தையதிலிருந்துதான் என்றால் முதலாவது எங்கிருந்து வந்தது? 1860களின் தொடக்கத்தில் பாஸ்டர் அன்னக்கழுத்துக் குடுவைகளை வைத்து, கொதிக்கவைத்த சாற்றில் உயிர் தானாகத் தோன்றாது என்று காட்டியதும் கேள்வி இன்னும் இறுகியது. 1871இல் டார்வின் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான சின்னக் குட்டை ஒன்றில் அது நடந்திருக்குமோ என்று தயங்கித் தயங்கி ஒரு கற்பனையை வைத்தார்.

பின்னால் வந்தவர்களிடமும் அதே சுவர்–உயிர்ச் சண்டைதான். ரஷ்யாவின் ஒபாரின் முதலில் திரவத்துளிகள் பிரிந்து தனித்து நின்றிருக்கவேண்டும் என்றார். இது 'கலம்' கட்சி. 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆய்வு மாணவர் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி கலவையில் மின்பொறி பாய்ச்சினார். ஒரே வாரத்தில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. உயிரின் செங்கற்கள் கிடைத்துவிட்டன, வீடும் இல்லை, குடியிருப்பவரும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ தானே வேதிவினையைத் தூண்டவும் செய்யும் என்று தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டார்கள். செய்தியையும் வேலையையும் ஒரே மூலக்கூறு சுமக்கிறது என்றால் அதுதான் முதலில் வந்தது என்று ஒரு தரப்பு எழுந்தது. இது 'உயிரணு' கட்சி. இன்று ஜாக் சோஸ்டாக் போன்றவர்கள் கொழுப்பு அமிலத்தால் ஆன சவ்வுப் பைக்குள் ஆர்.என்.ஏவை வைத்து, இரண்டும் சேர்ந்தால்தான் கதை நகரும் என்று முயன்றுகொண்டிருக்கிறார்கள். யாரும் இன்னும் முடிவுரை எழுதவில்லை.

'உயிரணு'வை வைத்து, பார்த்தீர்களா, தமிழுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று ஒருவர் மேடையில் முழங்கினால் கைதட்டு கிடைக்கும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அது அறிவியல் வந்த பிறகு நாம் ஆக்கிக்கொண்ட சொல். அதன் அழகே அதன் ஆபத்து. இன்னும் விடை காணாத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதுபோல ஒலிக்கிறது. சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அதை வைத்து வரலாற்றை எழுதும்போது கவனமாக இருக்கலாம் என்கிறேன்.

மறுவாரம் அவளிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். "அப்ப நோட்டுல என்ன எழுதுறது?" என்றாள். இருவரும் சேர்ந்து எழுதினோம்: 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் காலி அறைகளைக் கண்டார். உள்ளே யார் இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

அவள் கீழே தன் கையெழுத்தில் ரீமாக் பெயரையும் எழுதிக்கொண்டாள். தேர்வுக்கு வராது என்று சொன்னேன். "பரவால்ல மாமா" என்றாள்.