ஓடைகளை எண்ணிய ஆய்வு

பொருளியல் ஆய்வேடுகளை நம் வாசகர்கள் விரும்பிப் படிப்பதில்லை. எனினும், பெற்றோர் பள்ளியைத் தெரிந்தெடுக்கும் உரிமை பற்றி அமெரிக்க அறிஞர் கரோலின் ஹாக்ஸ்பி எழுதிய இரு ஆய்வுகள் நாம் கருத்தூன்றிக் கற்கத்தக்கவை. அவற்றுள் ஒன்று அந்நாட்டுக் கத்தோலிக்கரையே அளவுகோலாகக் கொண்டது.

பள்ளிகளிடையே போட்டி நிலவினால் கல்வி உயருமா, பொதுப்பணம் மிச்சமாகுமா என்பதே அவர் எழுப்பும் வினா. விடை காண்பது எளிதன்று. நல்ல பள்ளியை நாடி மக்கள் குடிபெயர்வதும் உண்டு; மக்கள் வந்ததால் பள்ளி சிறப்பதும் உண்டு. எது காரணம், எது விளைவு? 2000ஆம் ஆண்டு 'அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூ' இதழில் அவர் இதற்கு வியத்தகு வழியொன்றைக் கையாண்டார். முற்காலத்தில் ஓடைகள் பிள்ளைகளின் வழியை மறித்தன. ஆகவே ஓடைகள் மிகுந்த நகரப் பகுதிகளில் பள்ளி நிர்வாக வட்டங்களும் மிகுதியாயின. அவ்வோடைகளின் எண்ணிக்கையைக் கொண்டு போட்டியின் பயனை அளந்தார். வட்டங்கள் பல உள்ள இடங்களில் மாணவர் தேர்ச்சி கூடுதல், தலைக்குச் செலவு குறைவு என்பது அவர் முடிவு.

இம்முடிவை ஜெஸி ராத்ஸ்டைன் என்னும் பொருளியலார் மறுத்தார். ஓடைகளை வேறு வகையில் எண்ணினால் முடிவு தளர்கிறது என்று 2007இல் அதே இதழில் எழுதினார். ஹாக்ஸ்பியும் விடையிறுத்துத் தம் நிலையில் உறுதியாக நின்றார். ஓடைகளின் ஒரு கணக்கை நம்பி ஒரு நாட்டின் கல்விக் கொள்கையை எழுப்பலாகாது என்பதை இவ்வழக்கு தெளிவாக்குகிறது.

1994ஆம் ஆண்டின் ஆய்வே நம் நெஞ்சைத் தொடுவது. கத்தோலிக்கர் செறிந்து வாழும் பகுதிகளில் தனியார் பள்ளிகள் எளிதில் கிட்டுகின்றன. அங்கெல்லாம் அரசுப் பள்ளி மாணவரும் கூடுதலாகப் படித்து, பின்னாளில் கூடுதல் ஊதியமும் பெற்றனர் என்று அவர் கண்டார். அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் உயர்ந்ததற்கும் சில சான்றுகள் தருகிறார். படிப்போர் உள்ளம் பெருமிதம் கொள்ளும். ஆயினும் சற்றே நின்று சிந்திப்போம்.

1884இல் பால்டிமோரில் கூடிய மூன்றாம் பொதுச்சங்கம், ஒவ்வொரு கோவிலுக்கு அருகிலும் பங்குப் பள்ளி எழவேண்டுமெனப் பணித்தது. அப்பள்ளிகளின் கட்டணம் குறைந்திருந்ததற்கு, சொற்ப உதவித்தொகை பெற்று ஆயுள் முழுதும் கற்பித்த அருட்சகோதரிகளே முதற்காரணம். 1960களின் நடுப்பகுதிக்குப்பின் அவர்கள் எண்ணிக்கை குறைந்தது. பொதுநிலை ஆசிரியருக்கு நியாயமான ஊதியம் தரவேண்டியிருந்தது, கட்டணம் ஏறியது, பள்ளிகள் பல மூடப்பட்டன. அன்று ஐம்பது இலட்சத்துக்கும் மேலிருந்த மாணவர் தொகை இன்று ஏறத்தாழ 17 இலட்சம். ஆகவே ஆய்வாளர் போட்டி என்று பெயரிடுவதன் பின்னே நின்றது பெரும்பாலும் தியாகம். சகோதரிகள் சொற்பத்துக்கு உழைத்த ஊரில் பிறர் ஊதியம் உயர்ந்தது! இச்செய்தியை அட்டவணையில் காணலாம். அதன் பொருளை உய்த்துணரவேண்டியவர்கள் நாமே.

பெற்றோரின் தெரிவுரிமை மெய்யானதாக அமையும்படி பொதுப்பணம் நீதியோடு பகிரப்படவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. வறியோர்மீது தனிக்கரிசனை வேண்டும் என்பதும் அதே அறிக்கையின் கூற்றே. நாமோ முன்னதை உரத்துச் சொல்லிப் பின்னதை மெல்லச் சொல்கிறோம். நல்ல பள்ளிக்காக வீடு மாறுதல் வாடகை கொடுக்க வல்லவர்க்கே இயலும். பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவரை நினைவுகூர்வோம். தண்ணீர் கலங்கும்போதெல்லாம் பிறர் முந்தினர். அவரை இறக்கிவிட ஆளில்லை. விரைந்தோரைக் கொண்டு மட்டும் குளத்தின் பயனை அளந்தால் அவர் கணக்கில் வரமாட்டார்.

பொதுப்பணம் வீணாகிறதா எனத் துணிந்து கேட்ட ஹாக்ஸ்பியின் உழைப்பு போற்றத்தக்கது. அவ்வாய்வைப் படிக்கும் கத்தோலிக்கர், குறைந்த செலவின் சுமையைத் தாங்கியவர் யார், குளத்தங்கரையில் எஞ்சியவர் யார் என்ற இரு வினாக்களையும் உடன்வைத்துப் படிப்பார்களாக.