கொள்கை என்னும் சொல்லும் பொட்டிபுரத்து மலையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்து வந்த என் பெரியத்தா, 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, பொட்டிபுரத்து மலையைக் குடைஞ்சு உலகம் எப்படி உண்டாச்சுன்னு பார்க்கப் போறாங்களாமே! அதைத்தான் அல்லாஹ் சொல்லித் தந்துட்டானே, இன்னும் என்ன பார்க்கணும்?” கேள்வியில் குற்றமில்லை. அவர் படித்த எழுத்தில்தான் குற்றம் இருந்தது.

அவ்வாண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை, போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கச் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இதற்கு இசைய இயலாது என உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் இத்திட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதிக் குவிக்கப்பட்டவை ஏராளம். அவற்றைச் சற்று எடைபோட்டுப் பார்க்க வேண்டுமென்பது என் நெடுநாளைய எண்ணம்.

ஆதரித்து எழுதியோரில் பலர், பிரபஞ்சத் தோற்றத்தின் இரகசியத்தைத் திறக்கப்போகும் கூடம் என்று அதனை வருணித்தனர். அங்கே வைக்கவிருந்ததோ 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டிய இரும்புக் கருவி. காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோக்களை ஆராய்ந்து, மூவகை நியூட்ரினோ நிறைகளின் வரிசை யாதெனக் காண்பது அதன் தலையாய பணி. பெருவெடிப்பின்பின் ஒரு விநாடியளவில் விடுபட்ட நியூட்ரினோக்கள் இன்றும் அண்டமெங்கும் நிறைந்திருப்பதாகக் கணித்துள்ளனர் என்பது மெய்யே. ஆயினும் அவற்றின் ஆற்றல் மிகமிகக் குறைவு. எவரும் இதுவரை அவற்றை நேரில் பிடித்ததில்லை. போடி மலைக் கருவி அதற்கென வகுக்கப்பட்டதும் அன்று. மணமகளுக்கு இல்லாத நகையைச் சொல்லிச் சம்பந்தம் பேசியதை ஒக்கும் இது.

எதிர்த்தோர் எழுத்திலும் இதே மிகை. நியூட்ரினோ மனிதரைத் தாக்கும் என்று சிலர் அஞ்சவைத்தனர். கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி என, ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் பெண்ணின் உள்ளங்கையையும் நம் எல்லாரையும் ஊடுருவிச் சென்றுகொண்டேதான் இருக்கின்றன. அஞ்சத்தக்கவை வேறு: ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதற்கான பாறைவெடிப்பு, 5 கிலோமீட்டருக்குள்ளாகவே இருக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா, பெரியாறுவரை நீளும் புலிகளின் வழித்தடம். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது பூங்காவின் அண்மையைக் கருதியே. இவ்வளவு வலிய வாதம் கையில் இருக்க, பொய்ப்பேயை ஏன் துணைக்கழைத்தனர் என்பது எனக்கு விளங்கவில்லை.

இருசாராரின் எழுத்திலும் ஒரு சொல் இடறுகிறது: கொள்கை. பெருவெடிப்புக் கொள்கை, மாறாநிலைக் கொள்கை என்றே நாம் பள்ளியில் படித்தோம். கட்சிக்கும் கொள்கை உண்டு. நம் வீடுகளிலோ கொள்கை என்றால் அகீதா. உயிரைக் கொடுத்தும் காப்பது. அச்சொல்லையே விஞ்ஞானிகளின் தற்காலிகக் கணிப்புக்கும் வைத்துவிட்டால், படிப்பவர் அதை ஈமான் கொள்வதா மறுப்பதா என்றுதானே திகைப்பார்? கோட்பாடு என்னும் சொல் இன்று பரவியிருப்பது நல்லதே. பழைய மயக்கம் மட்டும் போகவில்லை.

விஞ்ஞானக் கோட்பாடு எவ்வாறு வளர்கிறது என்பதற்கு நியூட்ரினோவின் கதையே தக்க சான்று. 1930இல் பவுலி, கணக்கில் குறைந்த ஆற்றலை ஈடுகட்ட இத்துகளை ஊகித்தார். 1956இல்தான் ரைன்ஸும் கோவனும் அதைக் கண்டனர். பின்னர் ரே டேவிஸ் என்பார் அமெரிக்கச் சுரங்கமொன்றில் கதிரவனின் நியூட்ரினோக்களை எண்ணியபோது, எதிர்பார்த்ததில் மூன்றிலொரு பங்கே கிட்டியது. கதிரவனைப் பற்றிய கணக்கு பிழையா, எண்ணியவர் பிழையா? முப்பதாண்டுகள் வழக்கு நீடித்தது. இருவர்மீதும் பிழையில்லை, நியூட்ரினோ வழியிலேயே வகை மாறுகிறது என்பதும், அதற்கு நிறை உண்டு என்பதும் 1998க்கும் 2002க்கும் இடையே ஜப்பானிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகளால் தெளிந்தன.

1965ஆம் ஆண்டை நாம் தனியே நினைக்க வேண்டும். காற்றுமண்டல நியூட்ரினோவின் முதல் தடயங்கள் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்று நம் கோலார் தங்கவயல். கண்ட ஆண்டு அது. அண்டத்தின் ஆதி வெப்பத்தினது எச்சக் கதிர்வீச்சை பென்சியாஸும் வில்சனும் அறிவித்ததும் அவ்வாண்டே. அதன்பின் மாறாநிலைக் கோட்பாட்டைப் பெரும்பாலோர் கைவிட்டனர். ஹாயிலும் அவர்தம் மாணவர் ஜயந்த் நார்லிகரும் விடவில்லை. 1993இல் பர்பிட்ஜுடன் சேர்ந்து அதைத் திருத்தி மீண்டும் முன்வைத்தனர். 2025 மே மாதம் நார்லிகர் மறைந்தபோது, தோற்ற கட்சியின் வக்கீல் என்று அவரை ஒதுக்கிவிடத் தோன்றலாம். அது நேர்மையன்று. தனிமங்கள் விண்மீன்களின் வயிற்றில் சமைகின்றன என்ற பேருண்மையை ஹாயில் தேடிச் சென்றதற்கு, வெடிப்பின்றி அவற்றை விளக்கவேண்டிய தேவையும் ஒரு காரணம். தோற்ற கோட்பாடு விட்டுச்சென்ற சொத்து அது.

இனி நம்மவர் எழுத்து. அல் அன்பியா அத்தியாயத்தின் 30ஆவது வசனத்தைப் பெருவெடிப்புக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் நம் இதழ்களில் ஆண்டுதோறும் வருகின்றன. எழுதுவோரின் பற்றை மதிக்கிறேன். முறையை ஏற்க இயலவில்லை. நாளை அக்கோட்பாடு திருத்தப்பட்டால் வசனத்தையும் திருத்தப் பொருள் தேடுவார்களோ? 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதையே செய்தபோது, அக்கோட்பாட்டின் முன்னோடியும் கத்தோலிக்கப் பாதிரியுமான லெமைத்தர் மனம் உவக்கவில்லை. அவருக்கும் எட்டரை நூற்றாண்டு முன்பே இமாம் கஸ்ஸாலி, தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் முகப்பில், கணிதத்தால் நிறுவப்பட்ட கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். உலகம் அநாதியானது என்ற வாதத்தை அதே நூலில் வரிவரியாக மறுத்தவரும் அவரே. எதை எதனோடு மோதவிடுவது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

பொட்டிபுரத்தில் சுரங்கம் அமையவில்லை. நிறைவரிசை என்னும் அதே வினாவுக்கு விடை தேடும் சீனத்தின் ஜூனோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் பணியைத் தொடங்கிவிட்டது. பெரியத்தாவிடம் இவற்றில் சிலவற்றை அன்றே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சரிப்பா, அது உலகம் பிறந்த கதை இல்லேங்கிறே. மலையை வெடிச்சா கீழே நம்ம கிணத்துல தண்ணி நிக்குமா, நிக்காதா? அதை எவனாவது எழுதியிருக்கானா?” என் மேசையில் கிடந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவருக்குக் காட்ட ஒரு பக்கம் அகப்படவில்லை.