தோற்றமும் குடிப்பிறப்பும்: டிரிஸ்ட் என்னும் கதைமாந்தன்

பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளுக்கு முன்னோடியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடுவோர் தத்தம் பாத்திரத்தின் தோற்றம், குணம், குடும்பப் பின்னணி ஆகியவற்றைத் தாமே வகுத்துக்கொள்வது அதன் மரபாகும். அவ்விளையாட்டின் உலகைக் களமாகக் கொண்ட நாவல்களில் புகழ்பெற்ற கதைமாந்தன் டிரிஸ்ட் டோ உர்டன். ஆர்.ஏ. சால்வடோர் 1988இல் 'தி கிரிஸ்டல் ஷார்ட்' நாவலில் இவனை அறிமுகப்படுத்தினார். 1990இல் வெளிவந்த 'ஹோம்லேண்ட்' நாவலில் இவனது பிறப்பையும் வளர்ப்பையும் விரித்துரைத்தார்.

டிரிஸ்ட், நிலத்தடி நகரில் வாழும் 'டிரௌ' இனத்தவன். கருமேனியும் வெண்கூந்தலும் அவ்வினத்தின் அடையாளங்கள். தாய் மாலிஸ் குடித்தலைவி. மூன்றாம் மகனாகிய இவனைச் சிலந்தித் தெய்வமான லோல்த்துக்குப் பலியிடவேண்டும் என்பது வழக்கம். அதே இரவில் ஓர் அண்ணன் மற்றோர் அண்ணனைக் கொன்றதால் இவன் உயிர் தப்புகிறான். உடன்பிறந்தோன் கொலையே இவன் வாழ்வுக்கு வாயிலாகிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

இந்நாவலில் இரு கருத்துகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று நாம் கருதுகிறோம். டிரௌ மக்களின் கொடுமை கற்பிக்கப்படுவது என்பதை வீட்டுச் சவுக்கும் பயிற்சிக்கூடத்தின் பொய்ப்பாடங்களும் உணர்த்துகின்றன. ஆயினும், டிரிஸ்ட் பிறக்கும்போதே ஊதாநிறக் கண்களோடு பிறக்கிறான். அறத்தைத் தேர்ந்துகொள்பவன் உடலாலும் வேறுபட்டவன் என்று காட்டிவிட்டால், அத்தேர்வின் பெருமை குறைந்துவிடுகின்றது. ஏனையோரின் தீமையும் பிறப்பின்பாற்பட்டதாகிவிடுகின்றது.

இது வெறும் கதைநுட்பச் சிக்கல் அன்று. கருமேனி கொண்ட ஓர் இனம் முழுவதையும் தீயதாகவும், அவ்வினத்தில் ஒருவனை மட்டும் விலக்காகவும் படைப்பது உலகியலில் நாம் அறிந்த இனப்பாகுபாட்டின் சாயலை உடையது. விளையாட்டை வெளியிடும் 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனமே 2020இல் இக்குறையை ஒப்புக்கொண்டது.

ஈண்டுக் கம்பராமாயணம் நினைவுக்கு வருகின்றது. அறம் நாடித் தன் குலத்தை நீங்கும் வீடணன் டிரிஸ்டுக்கு ஒப்பானவன். ஆனால், கம்பர் அவனோடு நிறுத்தவில்லை. அண்ணனின் பிழையை உணர்ந்தும் அவனை விட்டு நீங்காத கும்பகருணனுக்கும் மாண்பு அளித்தார். அதனால் அரக்கர் குலம் ஒரே நிறத்தில் தீட்டப்பட்ட ஓவியமாகவில்லை.

சால்வடோரின் நாவலில் அவ்விடத்தை ஓரளவு நிரப்புபவன் தந்தை ஸாக்நாஃபைன். தன் இனத்தின் கொடுமையை வெறுத்தும் அதனுள்ளேயே வாழ்ந்து, மகனுக்கு மாற்றாகத் தன்னையே பலியாகத் தருகிறான். அவனுக்கு ஊதாக் கண்கள் இல்லை. ஆகவே, அறம் தோற்றத்தில் இல்லை என்பதை மகனைவிடத் தந்தையே தெளிவாக மெய்ப்பிக்கிறான் என்பது நம் முடிபு.