கேட்டால்தான் சொல்வதா?

தாம்பத்திய உறவு பற்றி நோயாளியிடம் நர்ஸ் எப்படிப் பேசுவது என்று கேட்டால், நர்சிங் பாடத்தில் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது: 'பிளிசிட்' முறை. அமெரிக்க உளவியலாளர் ஜாக் அன்னான் 1976இல் வகுத்தது. அனுமதி, அளவான தகவல், குறிப்பான யோசனை, தீவிர சிகிச்சை என்று நான்கு படிகள். நம் மக்களின் கூச்சத்துக்கு ஏற்ற முறை இதுதான், அவர்களாக வாய் திறக்கும்வரை பொறுத்திருப்பதே பண்பு என்று சிலர் இதற்காக வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முறையில் நன்மை இல்லாமல் இல்லை. எதுவரை தன் வேலை, எங்கே நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று நர்ஸுக்குத் தெளிவாகிறது. பெரும்பாலோருக்கு முதல் இரண்டு படிகளே போதும் என்பதும் சரி.

கோளாறு முதல் படியில். "இதைப் பற்றியும் என்னிடம் பேசலாம்" என்று நர்ஸே வெளிப்படையாகச் சொல்வதுதான் அனுமதி. வார்டில் அது "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று சுருங்கிவிடுகிறது. கால்மாட்டில் மாமியார், கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டில், நடுவே திரை கிடையாது. "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? டெய்லர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் இந்த முறையைத் திருத்தி, ஒவ்வொரு படியிலும் அனுமதியை வெளிப்படையாகத் தர வேண்டும் என்றார்கள். நல்ல திருத்தம். ஆனாலும் பேச்சைத் தொடங்கும் சுமை நோயாளியை விட்டு முழுதாக இறங்கவில்லை.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைத்து' முடித்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். கதிர்வீச்சால் பிறப்புறுப்பு வறண்டு குறுகலாம், உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். விரிவாக்கும் கருவியை முறையாகப் பயன்படுத்தி அதைக் குறைக்க முடியும். விட்டுவிட்டால் உறவு மட்டுமல்ல, பின்னாளில் டாக்டர் பரிசோதிப்பதே சிரமமாகும். இப்படி ஆகும் என்றே அறியாத பெண் எதைக் கேட்பாள்? மாதங்கள் கழித்து வலிக்கும்போது நோய் திரும்பிவிட்டதென்று பயப்படுவாள். தனக்கும் தொற்றிவிடுமோ என்று கணவர் தள்ளிப் படுப்பார். தொற்றாது என்ற ஒரு வரியைக்கூட அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பும் ஆணுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சட்டைப்பையில் இருக்கும். அதோடு விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். ஆஸ்பத்திரியில் கேட்கக் கூசியவர் மெடிக்கல் ஷாப்பிலோ, லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடமோதான் போய் நிற்பார். உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, தினமும் நட என்று அவர் கேட்காமலே சொன்னவர்கள், இதை மட்டும் ஏன் கேட்டால்தான் சொல்ல வேண்டும்?

கூச்சத்தை மதிக்கிறோம் என்பார்கள். "மோஷன் போனீங்களா?" என்று வார்டே கேட்கும்படி விசாரிக்கிறோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுநீர்க் குழாய் போடுகிறோம். அங்கெல்லாம் தலைகாட்டாத மரியாதை இங்கே மட்டும் முளைப்பதை மரியாதை என்று நான் ஒப்பமாட்டேன். அது நம் தயக்கம். பழியை நோயாளி மேல் போடுகிறோம்.

ஆண் நோயாளி தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்ற இளம் நர்ஸின் பயம் நியாயமானது. ஆனால் காத்திருக்கும் முறைதான் அவரை அந்தச் சங்கடத்தில் தனியே மாட்டிவிடுகிறது. ஒருவரிடம் மட்டும் பேசினால்தானே வேறு அர்த்தம் வரும்? "இந்த ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் சொல்றதுதாங்க" என்று தொடங்கினால் அது அவருடைய துணிச்சலாக இராது, வார்டின் வழக்கமாகிவிடும்.

ஆகவே டிஸ்சார்ஜ் தாளில், உணவுக்கும் மருந்துக்கும் கீழே இதற்கும் இரண்டு வரி வேண்டும். அதை விளக்க ஒரு திரையும் ஐந்து நிமிடமும் வேண்டும். அவற்றைக்கூடத் தராமல் நோயாளி வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கும் மருத்துவமனை, தன் கடமையை அவர் தலையில் கட்டுகிறது.