மாயவனத்தில் ஓர் இரவு ஆட்டம்

போன ஞாயிறு இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து ‘மாயா’ பார்த்தோம். இந்தப் பத்தியில் வழக்கமாகப் பந்துவீச்சையும் மட்டையடியையும் அலசுகிறவன் நான். இந்த வாரம் ஒரு பேய்ப் படத்தை எடுத்ததற்குக் காரணம், படம் முடிந்து லைட்டைப் போட்ட பிறகு நடந்த பேச்சு. அது விடிய ஒரு மணி வரைக்கும் ஓயவில்லை. ஒரே படம்தான். காலேஜ் பையன்கள் இருவருக்கும் பயம், டீக்கடை அண்ணனுக்கு முதல் பாதியில் தூக்கம், சேலத்தில் நர்ஸாக இருக்கும் என் தம்பி மகளுக்குக் கண்ணில் தண்ணீர். பார்த்தவர்கள் இப்படி நாலு பக்கம் பிரிந்து நின்றால், அந்த ஆட்டத்தில் அலச ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் குப்பனூர், சேர்வராயன் மலையடிவாரம். இங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஒரு பாதை ஏறுகிறது. சேலத்திலிருந்து நேராக ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெருமழையில் அங்கே மண் சரிந்தால் வண்டியெல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிடும். பனி இறங்கிய இரவில் அந்தப் பாதையில் பைக் ஓட்டிப் பழகியவனைச் சினிமாப் பேய் அவ்வளவு லேசில் மிரட்டிவிட முடியாது. அதனால்தான் பையன்கள் பயந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

2015 செப்டம்பர் 17, விநாயகர் சதுர்த்தி அன்று வெளிவந்த படம். இயக்குநர் அஸ்வின் சரவணனுக்கு முதல் படம். நகரத்துக்கு வெளியே, காட்டுக்குள் மாயவனம் என்ற மனநல மருத்துவமனை. அங்கே நோயாளிகளை வைத்துச் சோதனை செய்து, செத்தவர்களை அங்கேயே புதைத்துவிடுகிறார்கள். அதில் மாயா என்ற பெண்ணும் ஒருத்தி. அவளிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிடுகிறார்கள். அவள்தான் பிறகு ஆவியாக அலைகிறாள். இது ஒரு கதை, கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. இன்னொரு கதை கலரில்: கைக்குழந்தையோடு தனியாக வாழும் நடிகை அப்சரா. கடன் கழுத்தை நெரிக்க, ஒரு பேய்ப் படத்தைத் தியேட்டரில் தன்னந்தனியாகப் பார்த்தால் பரிசு என்ற போட்டிக்கு ஒத்துக்கொள்கிறாள். இரண்டு கதையும் எங்கே முட்டுகின்றன என்பதுதான் படம்.

“முதல் ஒரு மணி நேரம் என்ன நடக்குதுன்னே வெளங்கலைங்க” என்றார் டீக்கடை அண்ணன். படம் வந்தபோதும் நிறையப் பேர் இதையேதான் சொன்னார்கள்: மெதுவாகப் போகிறது, குழப்புகிறது, கடைசி அரை மணி நேரம்தான் படம். இந்தக் கருத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ளவும் முடியாது. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கரை எப்படிப் போடுவார்? முதல் பந்திலேயே இறக்கிவிட மாட்டார். இரண்டு பந்தை அளவு குறைத்துப் போட்டு, மட்டைக்காரனின் காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுத்தான் கால் கட்டைவிரலுக்குக் குறிவைப்பார். ‘மாயா’வின் முதல் பாதி அந்த இரண்டு பந்து. கறுப்பு வெள்ளைப் பகுதியை வேறு யாருடைய கதையோ என்று நம்மை நம்பவைக்கிறது. அது உண்மையில் அப்சரா பார்க்கப்போகும் படம் என்று தெரியும் இடத்தில் ஸ்டம்பு எகிறுகிறது. என் குறை வேறு: அந்த இரண்டு பந்துக்குப் பதிலாக நாலு பந்து போட்டுவிட்டார் இயக்குநர். ஓவியன் வசந்தாக வரும் ஆரி காட்டுக்குள் போகும் காட்சிகளில் ஒன்றைக் கழித்திருந்தாலும் அண்ணன் தூங்கியிருக்க மாட்டார்.

அப்சராவாக வரும் நயன்தாராவின் ஆட்டத்துக்கு வருகிறேன். தியேட்டர் காட்சியை மட்டும் இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்த்தோம். காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக. நடுவில் அவர் ஒருவர். ஒப்பனை கிட்டத்தட்ட இல்லை. திரையின் வெளிச்சம் முகத்தில் கூடுவதும் குறைவதும்தான் அந்த இடத்துக்கு விளக்கு. வசனம் இல்லை, அலறலும் இல்லை. முதலில் தோள் கொஞ்சம் உயர்கிறது. பிறகு கை, நாற்காலியின் கைப்பிடியைத் தேடுகிறது. கண் திரையில் இருக்கும்போதே கவனம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது என்று நமக்குத் தெரிகிறது. கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் பயப்படுவதை நடித்துக் காட்டுவது சாதாரண வேலை இல்லை. பையன்களில் ஒருவன் அந்த இடத்தில் திரும்பி எங்கள் வீட்டு வாசல் கதவைப் பார்த்தான். விமர்சகர்கள் போடும் எந்த மதிப்பெண்ணும் அந்தத் திரும்பலுக்கு ஈடாகாது.

இந்தப் போட்டி சும்மா கற்பனையும் இல்லை. 2008-இல் ராம் கோபால் வர்மா இயக்கிய ‘பூங்க்’ இந்திப் படம் வந்தபோது, அதைத் தியேட்டரில் தனியாகப் பார்ப்பவருக்கு 5 லட்சம் என்று அறிவித்தார்கள். அங்கே அது விளம்பரம். அஸ்வின் அப்படி ஒரு போட்டியைப் பசிக்கிற ஒரு தாயின் கையில் கொடுத்தார். அதனால் விளம்பரம் கதையாகிவிட்டது. அப்சரா தைரியத்தால் உள்ளே போகவில்லை, வேறு வழி இல்லாமல் போகிறாள். நமக்குப் பயம் வருவதற்கு முன்பே அவள் மேல் அக்கறை வந்துவிடுகிறது.

அதே நயன்தாரா ‘டோரா’ (2017), ‘ஐரா’ (2019), ‘கனெக்ட்’ (2022) என்று இந்த ஆடுகளத்தில் தொடர்ந்து இறங்கினார். ‘டோரா’வில் பேய் காருக்குள் புகுந்துகொண்டதால் பயம் பாதியிலேயே சாலையில் இறங்கிவிட்டது. ‘ஐரா’வில் பவானியின் கறுப்பு வெள்ளைப் பின்கதையில் துக்கம் அழுத்தமாக வந்தது, பயம் வரவில்லை. மீண்டும் அஸ்வினோடு சேர்ந்த ‘கனெக்ட்’ 99 நிமிடம், இடைவேளை இல்லாமல் ஓடவேண்டிய படம். கொரோனா வார்டில் வேலை செய்து அந்த நோயிலேயே இறந்துபோகும் டாக்டர் அப்பா, அவரிடம் பேசத் துடிக்கும் மகள். சத்தத்தாலேயே கட்டிய படம் அது. ஆனால் அதிலும் மருத்துவமனை சில நிமிடங்களில் முடிந்து, கதை வீட்டுக்குள் போய்விடுகிறது. என் கணக்கில் நாலு ஆட்டத்திலும் ‘மாயா’தான் முதல்.

இனி என் தம்பி மகள் சொன்னது. பத்து வருஷமாக நைட் டூட்டி பார்க்கிறவள்.

“பெரியப்பா, இந்தப் படத்துல ஆஸ்பத்திரியே இல்ல” என்றாள். “சங்கிலி இருக்கு, இருட்டு இருக்கு, கிறுக்குப் புடிச்ச மாதிரி முழிக்கிறவங்க இருக்காங்க. ஆனா ஒருத்தருக்கும் பேர் இல்ல. வார்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன பயம் தெரியுமா? இருமிக்கிட்டே இருந்தவர் திடீர்னு இருமாம இருக்கிறதுதான். அப்புறம் அவர எடுத்துட்டுப் போனதும் பெட்ஷீட் மாத்துவோம், கேஸ் ஷீட்டை மூடுவோம். குனிஞ்சு பார்த்தா கட்டிலுக்கு அடியில அவரோட செருப்பு இருக்கும். வீட்டுக்காரங்க அழுதுக்கிட்டே போயிருப்பாங்க, மறந்துருவாங்க. அந்தச் செருப்பைத் தொட எனக்கு இன்னைக்கும் கை வராது.”

அப்படியானால் ஏன் அழுதாய் என்று கேட்டேன். “அந்தப் பொம்மைக்குத்தான்” என்றாள். மாயா தேடி அலையும் பொம்மை.

படத்தின் வெற்றியும் தோல்வியும் அவள் சொன்ன அந்தச் செருப்பிலும் இந்தப் பொம்மையிலும் இருக்கின்றன. மாயாவுக்கு ஒரு பொம்மை கொடுத்ததால் அவள் மனுஷியானாள். அவள் வரும்போது பயந்தவர்களே கடைசியில் அவள் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் அவளோடு அடைபட்டுக் கிடந்த மற்றவர்களுக்குப் படம் எதையும் கொடுக்கவில்லை. அவர்கள் மிரட்டுவதற்கு மட்டும் நிறுத்தப்பட்ட உருவங்கள். மனநோய் வந்தவரைப் பார்த்தாலே ஒதுங்கும் ஊரில், அந்த ஒதுங்கலையே பயமாக மாற்றி விற்பது தவறு. படத்தை விரும்புகிறவனாகவே சொல்கிறேன்.

ஏனென்றால் மாயவனம் நமக்கு வெறும் கற்பனை இல்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. கால்களில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால் உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது 2017-இல். ‘மாயா’ வந்தபோது ஏர்வாடிக்கு 14 வயது. அந்தச் சங்கிலிச் சத்தம் நம் காதில் ஏற்கெனவே இருந்தது. படம் பாதி வேலையைச் செய்தது, மீதியை நம் ஞாபகம் செய்தது.

கொரியாவில் 2018-இல் வந்த ‘கோஞ்சியாம்’ படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 1996-இல் மூடிய உண்மையான மனநல மருத்துவமனையின் பேரிலேயே எடுத்த படம். இடத்தின் உரிமையாளர் நீதிமன்றம் போயும் படம் நிற்கவில்லை. நடிகர்களே உடம்பில் கேமராவைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். படப்பிடிப்பு நடந்தது அந்த ஆஸ்பத்திரியில் இல்லை, பூசானில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில். அங்கே 26 லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். மிரட்டுவதில் அது ‘மாயா’வை விடக் கெட்டி, கடைசி இருபது நிமிடம் மூச்சு விட முடியாது. ஆனால் மறுநாள் காலையில் யாரைப் பற்றியும் நினைக்கத் தோன்றவில்லை. ‘மாயா’ அப்படி விடாது.

பேயே இல்லாமல், ஒரே மருத்துவமனைக்குள் முழுப் படத்தையும் நடத்திக் காட்டியவர் நம்மிடையே உண்டு. 1962-இல் ஸ்ரீதர், ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. அதில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு முகம் இருந்தது, பக்கத்து அறை நோயாளியின் பேரும் நமக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணோடு ஒருவர் பேய்ப் படம் எடுத்தால் என் தம்பி மகள் கேட்ட படம் வந்துவிடும்.

ஆறாவது ஆளைப் பற்றிச் சொல்லவில்லையே. மேலே மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. காலையில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதால் அன்று எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். சாலை இல்லாத காலத்தில் துணித் தொட்டிலில் மூங்கிலைக் கோத்து, பிரசவ வலியில் இருந்தவர்களை நாலு பேர் தோளில் சுமந்து இறக்கியதைப் பார்த்து வளர்ந்தவர். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டாரோ என்று நினைத்து, “என்ன பாட்டி, எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“காட்டுக்குள்ள இம்மாம் பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்களே சாமி” என்றார். “அதுல போயி இப்படிப் பண்ணிட்டாங்களே.”

பையன்களின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பாட்டி ஓ.பி. சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் செருகிக்கொண்டார். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.