கீழூர் ஒரு முன்மாதிரி அல்ல

வெளிநாட்டுத் தேர்தல்களில் இந்தியா கை வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தால், புதுச்சேரியில் உடனே, இந்த ஊர் இந்தியாவுடன் இணையும் முடிவு பதிவான கீழூரை எடுத்து முன்னால் வைக்கிறார்கள். “எல்லா நாடும்தான் செய்கிறது. நாமும் 1954-இல் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் செய்தோம். நல்லதுதானே நடந்தது?” நவம்பர் 1 விடுதலை நாள் மேடைகளில் இதன் பூசி மெழுகிய வடிவத்தைக் கேட்கலாம், கதிர்காமத்து டீக்கடைகளில் பச்சையாகவே கேட்கலாம். இலங்கையிலோ மாலத்தீவிலோ தேர்தல் வரும்போதெல்லாம், நமக்கு வேண்டியவர் ஜெயிக்க டெல்லி என்ன செய்கிறது என்று கேட்கும் பத்திகளும் பெருகிவிட்டன. இந்த வாதம் தவறு என்பது என் நெடுநாள் எண்ணம். அதற்குக் கீழூரைச் சாட்சிக்கு அழைப்பது இன்னும் பெரிய தவறு.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இணைப்பு நியாயமானது. இந்த மண்ணில் இருக்கப் பிரான்சுக்கு எந்த உரிமையும் இல்லை. 1936 ஜூலை 30-இல் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுடப்பட்டுச் செத்த நாளிலிருந்து, வ. சுப்பையா போன்றோர் கட்டிய இயக்கம் உண்மையான மக்கள் இயக்கம். தேர்தலில் தலையிடுவதில் வல்லரசுகள் கைதேர்ந்தவை என்பதும் உண்மை. 1946 முதல் 2000 வரை அமெரிக்காவும் சோவியத்தும் ரஷ்யாவுமாக 117 தேர்தல்களில் தலையிட்டதாக டவ் லெவின் என்ற ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். 1948 ஏப்ரலில் இத்தாலியில் கம்யூனிஸ்டுகள் வென்றுவிடக் கூடாதென்று அமெரிக்கா பணம் இறைத்தது ஊரறிந்த கதை.

அதே 1948-இல்தான் நம் கதையும் தொடங்குகிறது. ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: பிரெஞ்சிந்திய மக்களே வாக்களித்துத் தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்வார்கள், அந்த வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் நகராட்சி மன்றங்கள் வகுக்கும். ஆகவே அக்டோபர் நகராட்சித் தேர்தலை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் கையில் எல்லாம் என்றாகிவிட்டது. பிரெஞ்சு முறைப்படி வாக்குச்சாவடியில் தலைமை தாங்கும் பொறுப்பு நகராட்சித் தலைவருக்கு உரியது. மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் யார் வசமோ, வாக்குப் பெட்டியும் அவர் வசம். உழவர்கரை உட்பட இங்கிருந்த கொம்யூன் என்ற நகராட்சிகளைப் பெருமளவில் எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி வாரிக்கொண்டது. அந்தக் கட்சி அப்போது பிரான்ஸ் பக்கம். தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை என்றது இந்தியா. சொன்னது சரிதான்.

என் மறுப்பு இங்கேதான் வேர்கொள்கிறது. வெளியிலிருந்து ஓர் அரசு தேர்தலில் கை வைக்கும்போது அது வாக்காளரிடம் போவதில்லை. போகவும் முடியாது, மொழி தெரியாது, தெரு தெரியாது, சாதி தெரியாது. அது தேடுவது ஒரு தரகரை. வாக்குகளை மொத்தமாக வைத்திருக்கும் ஆளைப் பிடித்து, வளைத்து, வளர்த்துவிடுகிறது. வேலை முடிந்ததும் அந்த அரசு போய்விடும், தரகர் இருந்துவிடுவார். அவர் வைத்திருந்த பிடி, அதற்குள் இரண்டு மடங்காகியிருக்கும்.

குபேரின் வாழ்க்கையை வரிசையாகப் பாருங்கள். 1948-இல் பிரான்சின் ஆள். 1951-இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து போன உறுப்பினர். இந்தியா பக்கம் சாய்ந்துவிட்ட லம்பேர் சரவணனின் இடம் அவருக்குப் போனது. 1954 மார்ச் 18-இல் புதுச்சேரியின் எட்டுக் கொம்யூன் தலைவர்களும் ஆட்சிக் குழுவினரும் வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவுடன் சேர்ந்துவிடுவோம் என்று தீர்மானம் போட்டபோது, முன்னணியில் அதே குபேர். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் மூவண்ணக் கொடி ஏற்றியவரும் அவரே. 1963-இல் புதுச்சேரியின் முதலமைச்சர். இன்று நாம் மாலையில் காற்று வாங்கும் கடற்கரைச் சாலைக்கும் காய்கறி வாங்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். இரண்டு அரசுகள் மாறி மாறித் தலையிட்டன, ஆள் மாறவில்லை.

அவர் ஏன் பக்கம் மாறினார்? மனம் மாறியிருக்கலாம், மறுக்க நான் யார். ஆனால் அழுத்தம் எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1949-இல் சுங்க உடன்பாட்டை இந்தியா முடித்துக்கொண்டது. வேலி விழுந்ததும் உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை. கடத்தல் கொழித்தது, கொழுத்தவர்கள் கட்சிக்காரர்கள். பிறகு வேலி இறுகியது, பர்மிட் வந்தது. புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டு நிலம் அல்ல. நகரத்திலிருந்து பாகூருக்கோ நெட்டப்பாக்கத்துக்கோ போக வேண்டுமென்றால், நடுவே தென்னார்க்காட்டு மண்ணை மிதிக்காமல் முடியாது. மகளைப் பார்க்கப் போகும் தாயும் சந்தைக்குப் போகும் குடியானவரும் அந்த எல்லைகளில் தடுக்கப்பட்டார்கள். சாமானியர் தலையில் விழுந்த பாரம் இது. ஆனால் அந்த அழுத்தம் யார் மனத்தை மாற்றுவதற்காக? மேரியில் உட்கார்ந்திருந்த சிலரின் மனத்தை. குடிமக்கள் வலியைச் சுமந்தார்கள். முடிவைத் தரகர்கள் எடுத்தார்கள்.

முடிவு கீழூரில் பதிவானது. 1954 அக்டோபர் 18 அன்று, பிரதிநிதித்துவ சபையையும் நகராட்சி மன்றங்களையும் சேர்ந்த 178 உறுப்பினர்களில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. இந்த 178 பேர் யார்? 1948 முதல் எந்தக் கட்சி பிடித்துவைத்த தேர்தல் முறையை இந்தியா நம்பமாட்டேன் என்றதோ, பெரும்பாலும் அதே முறையில் விளைந்தவர்கள். அவர்கள் பிரான்ஸ் பக்கம் இருந்தபோது மக்களின் குரல் அல்ல. பக்கம் மாறியதும் மக்களின் குரல் ஆகிவிட்டார்கள். மக்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுப்பது செல்லாது என்று பிரான்சின் 1946 அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சம்மதத்துக்கு ஈடாக வைக்கப்பட்டது கீழூர்க் கணக்கு. ஆக, இந்த ஏற்பாடு இரண்டு தலைநகரங்களுக்கும் வசதியாக இருந்தது.

மக்களிடம் கேட்டிருந்தாலும் இணைப்பே வென்றிருக்கும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அப்படியானால் கேட்பதற்கென்ன தயக்கம்? வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் கேட்டார்கள். 1949 ஜூன் 19-இல் ஆதரவு 7,473, எதிர்ப்பு 114. அங்கே வாக்காளர்கள் தங்கள் கையால் வாக்கைப் போட்டார்கள். கதிர்காமத்திலும் உழவர்கரையிலும் இருந்த நெசவாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அந்த வாய்ப்பு வரவேயில்லை. தன் நாட்டை முடிவு செய்த வாக்கெடுப்பில் வாக்களிக்காத தலைமுறை என்று அவர்களைச் சொல்ல வேண்டும். பதவி போகிற திசையில் மொத்தமாகச் சாய்வதை இந்த ஊர் அரசியல் அன்று கற்றுக்கொண்டது, இன்னும் மறக்கவில்லை.

கீழூரை விடுங்கள், அது நம் மண், விடுதலைப் போர் என்பவர்களுக்கு, பாக் நீரிணைக்கு அப்பால் ஒன்று சொல்கிறேன். 1988 நவம்பரில் இந்திய அமைதிப் படையின் காவலில் இலங்கையின் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வடக்கில் வாக்குப் பதிவே இல்லை. போட்டியின்றித் தேர்வானதாக அறிவித்தார்கள். டெல்லிக்கு வேண்டிய ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆட்சியில் உட்கார்ந்தது, வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். 1990 மார்ச்சில் படை திரும்பியது. அதோடு அவரும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். தமிழருக்குக் கிடைத்த முதல் மாகாண சபை, யாழ்ப்பாணத்து வாக்காளரைக் கேட்காமலே பிறந்து, அவர் காக்க எழாமலே போனது. இதையும் ‘நல்லதுதானே நடந்தது’ என்று சொல்ல முடியுமா? இங்கே தரகர் நிலைத்துவிட்டார், அங்கே நிலைக்கவில்லை. இரண்டு இடத்திலும் வாக்காளர் வெளியேதான் நின்றார்.

ஓர் அரசு தன் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. புதுச்சேரி எங்களுக்கு வேண்டும் என்று நேரு அரசு ஊரறியச் சொன்னது நேர்மை. ஆளைப் பிடிப்பதுதான் குற்றம். இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் நம் ஊர் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள், வரிசையில் நின்று வாக்களிக்கின்றன. அந்த வரிசைக்கு எந்த வேட்பாளர் நல்லவர் என்று புதுச்சேரி அரசோ டெல்லியோ ஆள் வைத்துச் சொல்ல ஆரம்பித்தால், பாரிஸ் கோபப்படுவதற்கு முன் நாம் கோபப்பட வேண்டும். அந்தக் கோபத்தைக் கொழும்புக்கும் மாலேவுக்கும் சேர்த்துப் படத் தயாராக இல்லாதவர்கள், கீழூரைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.